உள்ளங்கையில் படும் மூச்சு

"கந்த என்று சொல்லுங்கோ, தம்பி" என்றார்.

சொன்னேன்.

"இது கிழங்கு. இன்னொருமுறை."

மறுபடி சொன்னேன். "இதுவும் கிழங்குதான்" என்றார். குரலில் சலிப்பில்லை. என் வலது கையைப் பிடித்து, உள்ளங்கையை என் வாய்க்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். "மூச்சு கையில் பட வேணும். பட்டால்தான் நீங்கள் சொல்ல நினைச்ச சொல் அது."

கொழும்பில் வேலை பார்த்த காலம் அது. வெள்ளவத்தையில் ஒரு மாடி அறை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பக்கத்து விகாரைக்குப் போய் ஒரு வயதான தேரரிடம், அதாவது மூத்த பௌத்தத் துறவியிடம், புத்த நூல்களின் மொழியான பாளி படித்தேன். மட்டக்களப்புப் பக்கம் பல வருடம் இருந்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். அவர் என்னைத் தம்பி என்பார். நான் அங்கே எல்லோரும் அழைப்பதுபோல ஹாமுதுருவோ என்பேன்.

அன்று நான் சொல்ல வேண்டியிருந்தது ஐந்து கந்தங்களைப் பற்றி. மனிதன் என்று நாம் எதைச் சொல்கிறோமோ அதை ஐந்து தொகுதிகளாகப் புத்தர் பிரித்துக் காட்டிய இடம். மணிமேகலை இதையே ஐங்கந்தம் என்கிறது. ஆனால் பாளியில் தமிழ் எழுத்தில் 'கந்த' என்று மட்டுமே எழுதக்கூடிய சொற்கள் நான்கு இருக்கின்றன. முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் மெலிந்தும் மூச்சேறியும் மாறிமாறி வருவதில் ஒன்று கிழங்கு, ஒன்று தொகுதி, ஒன்று முடிச்சு அல்லது நூல், ஒன்று மணம். நமக்கும் இவை தெரியாதவை அல்ல. கந்தமூலம் என்கிறோம், சுகந்தம் என்கிறோம், வடமொழி வழியாக வந்த கிரந்தம் என்ற சொல்லும் இருக்கிறது. ஆனால் நம் நாக்கு இவற்றின் வேறுபாட்டை மூச்சால் காட்டுவதில்லை. பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பார்த்துத்தான் பொருள் கொள்கிறோம்.

என் நோட்டுப் புத்தகத்தில் பாளியைத் தமிழ் எழுத்தில்தான் எழுதினேன். சுலோகப் புத்தகங்களில் க-வுக்குப் பக்கத்தில் 2, 3, 4 என்று சின்ன எண் போடுவார்களே, அதேபோல. எண்ணைக் கண் பார்த்துவிடும், வாய் தவறவிட்டுவிடும். அந்த உள்ளங்கைப் பாடம் எத்தனையோ வாரங்கள் நடந்தது.

பாளியிடம் நான் போனது தத்துவம் தேடி அல்ல. காது இழுத்துக்கொண்டு போனது. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் இலங்கையில் போயா விடுமுறை. அந்த நாட்களில் விடியும் முன்பே ஒலிபெருக்கியில் பிரித் ஓதுவது கேட்கும். பிரித் என்ற சிங்களச் சொல் 'பரித்த' என்ற பாளிச் சொல்லிலிருந்து வந்தது, காப்பு என்று பொருள். போயாவும் 'உபோசத' என்ற சொல்லின் தேய்ந்த வடிவம்தான். முதல் சில மாதங்கள் அது எனக்கு ஒரு ஓசை மட்டுமே. ஒருநாள் பாதித் தூக்கத்தில் இந்த வரி காதில் விழுந்தது: "மாதாபிது உபட்டானங், புத்ததாரஸ்ஸ ஸங்கஹோ, அனாகுலா ச கம்மந்தா, ஏதங் மங்கலமுத்தமங்."

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மாதா, பிதா தெரிகிறது. புத்த என்பது இங்கே புத்தர் அல்ல, புத்திரன். கம்ம என்றால் கருமம், வேலை. சங்க இலக்கியத்தில் வரும் கம்மியன் என்ற சொல்லுக்குள் இந்தக் கம்ம இருக்கிறது. கடைசியில் மங்கலம், உத்தமம். தாய் தந்தையரைப் பேணுவது, மனைவி மக்களை அரவணைப்பது, தடுமாற்றமில்லாத தொழில் செய்வது, இதுவே உயர்ந்த மங்கலம். மங்கல சுத்தத்தின் ஒரு பாட்டு. சுத்தம் என்றால் இங்கே சூத்திரம், புத்தரின் போதனை. யாரும் சொல்லித் தராமல் பாதி புரிந்துவிட்டது. மீதிப் பாதிக்காகத்தான் விகாரைக்குப் போனேன்.

பாளி தமிழ்க் காதுக்கு இணக்கமாக விழுவதற்கு ஒரு காரணம் உண்டு. சமஸ்கிருதத்தின் மெய்யெழுத்து நெரிசலை அது தளர்த்திவிடுகிறது. தர்மம் தம்மம் ஆகிறது, கர்மம் கம்மம், மார்க்கம் மக்கம், நிர்வாணம் நிப்பானம். இரண்டு வேறு மெய்கள் முட்டுகிற இடத்தில் ஒரே மெய் இரட்டித்து நிற்கிறது. பக்கம், அச்சம், பட்டம், முத்தம் என்று பேசிப் பழகிய நமக்கு இந்த இரட்டிப்பு வீட்டு ஓசை. ள என்ற எழுத்துகூட பாளியில் இருக்கிறது. மொழியின் பெயரிலேயே அந்த ள வருவதுண்டு. தமிழ்நாட்டில் பெரும்பாலும் பாலி என்று எழுதுகிறோம், இலங்கைத் தமிழர் பாளி என்கிறார்கள். நான் அங்கே கற்றதால் பாளி என்றே எழுதுகிறேன்.

சரி, அந்தப் பெயருக்கு என்ன பொருள்? வரிசை, வரி, மூலபாடம். முதலில் அது ஒரு மொழியின் பெயரே அல்ல. பழைய உரையாசிரியர்கள் 'பாளியில் இப்படி இருக்கிறது, அட்டகதையில் அப்படி இருக்கிறது' என்று எழுதும்போது, மூலத்தையும் உரையையும்தான் பிரித்துச் சொல்கிறார்கள். மொழிக்கு அவர்கள் வைத்த பெயர் மாகதி, அதாவது மகத நாட்டு மொழி. மூலத்தின் பெயர் மொழியின் பெயராகப் பரவியது மிகவும் பிந்தி. 1687-ல் சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு, தூது போன பிரெஞ்சுக்காரர் லா லூபேர், அங்கே துறவிகளின் மொழியைப் பாலி என்று குறித்தார்.

மாகதி என்ற பெயரிலும் ஒரு சிக்கல். அசோகரின் கிழக்குப் பகுதிக் கல்வெட்டுகளில் அரசன் 'லாஜா'. அந்த வட்டாரத்துப் பேச்சில் ர இருக்க வேண்டிய இடத்தில் ல வந்தது. பாளியில் 'ராஜா' என்றே இருக்கிறது. குஜராத்தின் கிர்நார் பாறையில் உள்ள மொழிதான் பாளிக்கு அருகில் வருகிறது. ஆகவே புத்தர் வாயிலிருந்து வந்த அதே ஒலிதான் பாளி என்று சொல்ல முடியாது. அவர் மகதத்திலும் கோசலத்திலும் ஊர் ஊராக நடந்து, அந்தந்த ஊர்ப் பேச்சில் சொன்னதை, நடந்துகொண்டே இருந்த துறவிகள் மனத்தில் சுமந்து, பல வட்டாரச் சாயல்கள் கலந்து படிந்த மொழி அது.

அவர் ஊர்ப் பேச்சில்தான் பேசினார் என்பதற்கு, துறவிகளுக்கான விதிகளைச் சொல்லும் விநய பிடகத்திலேயே சான்று இருக்கிறது. பார்ப்பனக் குடியில் பிறந்து துறவியான சகோதரர் இருவர் அவரிடம் வருகிறார்கள். இருவரும் நல்ல குரல், நல்ல உச்சரிப்பு உள்ளவர்கள். "பல குலங்களிலிருந்து, பல சாதிகளிலிருந்து வந்த துறவிகள் உங்கள் சொல்லைத் தங்கள் தங்கள் பேச்சில் கெடுக்கிறார்கள். நாங்கள் அதைச் சந்தஸில் அமைத்துவிடுகிறோம்" என்கிறார்கள். வேதத்தின் மொழிநடைக்கு உயர்த்திவிடுகிறோம் என்று பொருள். புத்தர் அவர்களைக் கண்டிக்கிறார். அப்படிச் செய்வது குற்றம் என்று விதி வகுக்கிறார். பிறகு சொல்கிறார்: புத்த வசனத்தை 'ஸகாய நிருத்தியா' கற்றுக்கொள்ள அனுமதிக்கிறேன்.

ஸகாய நிருத்தியா என்றால் சொந்த மொழியில். யாருடைய சொந்த மொழி? கற்கிறவருடையதா, புத்தருடையதா? இலக்கணம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. 5ஆம் நூற்றாண்டில் பெரும் உரைகளை எழுதிய புத்தகோசர், புத்தருடைய சொந்த மொழியான மாகதி என்று உரை சொல்லிவிட்டார். அந்த உரையின் மேல்தான் பாளி புனித மொழியாக நின்றது. எனக்கு அந்த உரை சரியென்று படவில்லை. சகோதரர்களின் புகாரே துறவிகள் அவரவர் பேச்சில் சொல்கிறார்கள் என்பதுதான். அந்தப் புகாரை ஏற்காமல், உயர்மொழி வேண்டாம் என்று சொல்பவர், 'என் மொழியில் மட்டும்' என்று ஏன் சொல்லப் போகிறார்? மத்திம நிகாயம் என்ற சுத்தத் தொகுப்பில் இன்னோர் இடம் இருக்கிறது. ஒரே பாத்திரத்தை ஓர் ஊரில் பாதி என்பார்கள், இன்னோர் ஊரில் பத்த, வித்த, சராவ, தாரோப, போண, பிசீல என்பார்கள், எந்த ஊரில் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே நீங்களும் சொல்லுங்கள், இதுதான் சரியான சொல் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள் என்கிறார். போண என்று படித்ததும் எங்கள் பாட்டி தண்ணீர் மொள்ளும் போணி நினைவுக்கு வந்தது. இரண்டுக்கும் உறவு உண்டென்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு தமிழ்ப் பாத்திரத்துக்கும் இடம் இருக்கிறது என்று தோன்றியது.

இந்தச் சொற்களெல்லாம் எழுத்தில் ஏறுவதற்கு முன் சில நூறு ஆண்டுகள் வாயிலேயே வாழ்ந்தன. சுத்தங்கள் 'ஏவங் மே ஸுதங்' என்று தொடங்குவது அதனால்தான். இவ்வாறு என்னால் கேட்கப்பட்டது. நூலைப் படித்தேன் என்று எந்தச் சுத்தமும் தொடங்கவில்லை. தீக நிகாயத்தின் 34 நெடிய சுத்தங்களைச் சுமக்க ஒரு குழு, மத்திம நிகாயத்தின் 152 சுத்தங்களைச் சுமக்க இன்னொரு குழு. பாணகர் என்று பெயர், ஓதுபவர் என்று பொருள். நம் ஓதுவார்களை நினைத்துக்கொண்டால் போதும்.

பாளிச் சுத்தங்களை முதன்முதலில் படிப்பவர்கள் 'ஏன் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது' என்று அலுத்துப்போவார்கள். நானும் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் போனவன்தான். தேரர் ஒருநாள் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, ஒரு சுத்தம் முழுவதையும் ஓதிக் காட்டினார். திரும்ப வருகிற இடங்களில்தான் ஓதுபவர் மூச்சை நிதானிக்கிறார், கேட்பவர் மனம் ஊன்றுகிறது. ஒத்த பொருளுள்ள சொற்கள் மூன்று நான்கு அடுக்கி வரும்போது, ஒன்று மறந்தாலும் அடுத்தது அதை இழுத்துவந்துவிடும். அங்குத்தர நிகாயம் ஒன்று, இரண்டு, மூன்று என்று பதினொன்று வரை எண்ணிக்கையாலேயே அடுக்கப்பட்டிருக்கிறது. எண் அங்கே விரல்விட்டு எண்ணிக்கொள்ளும் ஏற்பாடு. அந்தாதியில் ஒரு பாட்டின் கடைசிச் சொல் அடுத்த பாட்டைக் கையைப் பிடித்து அழைத்துவரும் அல்லவா, அதே வேலைதான். அச்சுப் புத்தகத்தில் திரும்ப வரும் பகுதியைச் சுருக்கி 'பே' என்று ஓர் எழுத்துப் போட்டுவிடுகிறார்கள். கண்ணுக்கு அது போதும்.

எழுதிவைக்க வேண்டிய நிலை எப்படி வந்தது என்ற கதையைத் தேரர் சொல்லிக் கேட்டபின், அந்த இடத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒரு விடுமுறையில் மாத்தளைக்குப் பஸ் ஏறினேன். முத்துமாரியம்மன் கோயில் கோபுரத்தைத் தாண்டி வடக்கே கொஞ்சதூரம் போனால் அலுவிகாரை. பெரிய பெரிய பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன, இடுக்குகளில் குகைகள். கி.மு. முதல் நூற்றாண்டில், வலகம்பா அரசன் காலத்தில், புத்த நூல்களின் முழுத் தொகுப்பான திரிபிடகம் முதன்முதலாக ஓலையில் ஏறியது இங்கேதான் என்கிறது மரபு.

அதற்கு முன் நடந்தது கொடுமை. தமிழ்நாட்டிலிருந்து வந்த ஏழு தலைவர்கள் வலகம்பாவைத் துரத்தினார்கள். 14 ஆண்டுகளுக்கு மேல் அரசன் மலைகளில் மறைந்து திரிந்தான். அதோடு பெரும் பஞ்சம். துறவிகளில் பலர் கடல் கடந்து போய்விட்டார்கள். போகாமல் நின்ற 60 பேரைப் பற்றி அங்குத்தர நிகாய உரையில் ஒரு குறிப்பு வருகிறது. கிழங்கும் இலையும் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டு, உடம்பு தாங்கிய நாட்களில் உட்கார்ந்து ஓதினார்கள். தாங்காதபோது மணலைக் குவித்து, சுற்றிப் படுத்து, தலைகளை ஓரிடத்தில் சேர்த்துவைத்து, மனத்துக்குள் பாடத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 12 ஆண்டுகள். கடல் கடந்து போனவர்கள் திரும்பிவந்து தங்கள் நினைவையும் இவர்கள் நினைவையும் ஒப்பிட்டபோது ஓர் எழுத்தும் மாறவில்லை என்று அந்த உரை சொல்கிறது.

வேறோர் உரையில் இன்னொரு செய்தி. ஒரு காலத்தில் மகாநித்தேசம் என்ற நூல் ஒரே ஒருவருக்குத்தான் மனப்பாடமாக இருந்ததாம். அவர் நல்லொழுக்கம் இல்லாதவர். அவரிடம் போய்க் கற்க மற்றவர்களுக்கு மனமில்லை. 'இவர் இறந்தால் நூலும் போய்விடும்' என்று சொல்லி ஒரு தேரரைக் கட்டாயப்படுத்தி அனுப்பி, அந்த நூலை மீட்டார்கள். ஒரு நூல் இந்த உலகத்தில் இருப்பதும் இல்லாமல் போவதும் ஒரு மனிதனின் மூச்சில் தொங்கிக்கொண்டிருந்த காலம்.

எழுதிவைத்த கதையை, இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சம் இரண்டே சுலோகத்தில் சொல்கிறது. முன்பு பிக்குகள் திரிபிடகத்தின் பாளியையும் அதன் அட்டகதையையும் 'முகபாடேன' கொண்டுவந்தார்கள், மக்களின் தேய்வைக் கண்டு, தம்மம் நெடுங்காலம் நிலைக்க வேண்டி, 'பொத்தகேஸு லிகாபயுங்', பொத்தகங்களில் எழுதுவித்தார்கள். பொத்தகம் என்ற வடிவம் பழந்தமிழிலும் உண்டு. முகபாடம் என்ற சொல்லில் முகம் என்றால் வாய். நாம் மனப்பாடம் என்கிறோம், ஆனால் பெருக்கல் கணக்குக்கு மட்டும் வாய்ப்பாடு என்கிறோம். பள்ளியில் கூட்டமாக இராகம் போட்டுச் சொன்ன அந்த வாய்ப்பாடு எந்த வயதிலும் மறப்பதில்லை.

அலுவிகாரையில் எழுத்தாணியால் தாளிப்பனை ஓலையில் எழுதி, மை தடவித் துடைத்துக் காட்டுகிறார்கள். கீறும்போது ஒன்றும் தெரியாது. மை தடவித் துடைத்ததும் எழுத்து எழுந்து நிற்கிறது. அங்கிருந்த சுவடிகள் 1848-ல் மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் ஒடுக்கியபோது அழிந்தன. நூல்கள் அதோடு அழிந்துவிடவில்லை. அவை அதற்குள் பர்மாவுக்கும் சயாமுக்கும் கம்போடியாவுக்கும் போய்ச் சேர்ந்திருந்தன.

போன இடமெல்லாம் பாளி அந்த ஊர் எழுத்தை உடுத்திக்கொண்டது. அதற்கென்று சொந்த எழுத்து கிடையாது. இலங்கையில் சிங்கள எழுத்து, பர்மாவில் பர்மிய எழுத்து, தாய்லாந்தில் தாய் எழுத்து. 1893-ல் சயாம் மன்னர் சுலாலங்கோர்ன் திரிபிடகத்தைத் தாய் எழுத்தில் 39 தொகுதிகளாக அச்சிட்டார். அதற்கு முன்பே மாண்டலேயில் மிண்டோன் மன்னர் அதை 729 சலவைக்கல் பலகைகளில் பொறிக்கச் செய்து, ஒவ்வொரு பலகைக்கும் ஒரு சிறு மண்டபம் கட்டிவைத்தார். அந்தப் பலகைகள் இன்னும் நிற்கின்றன. கல்லில் ஏறிய பிறகும் வாயை விடவில்லை பர்மா. 1954-ல் ரங்கூனில் தொடங்கிய ஆறாம் சங்கீதியில், அதாவது துறவிகள் கூடி நூல்களை ஓதிச் சரிபார்க்கும் பேரவையில், மகாசி சயாடோ கேள்வி கேட்க, மிங்குன் சயாடோ நினைவிலிருந்தே விடை ஓதினார். 16,000 பக்கங்களை மனத்தில் வைத்திருந்தவர் என்று பின்னால் கின்னஸ் புத்தகம் அவர் பெயரைச் சேர்த்துக்கொண்டது.

எழுத்து மாறினால் உச்சரிப்பும் மாறத்தானே செய்யும். பர்மியர் ஸ என்ற ஒலியை நாக்கைப் பல்லிடையில் வைத்து த-வுக்குப் பக்கமாகச் சொல்கிறார்கள். தாய்லாந்தில் புத்தர் பெயரின் முதல் எழுத்தே மூச்சேறிய ப ஆகிவிடுகிறது. எல்லா நாட்டுக்காரர் வாயிலும் பாளி கொஞ்சம் வளைந்துகொண்டுதான் இருக்கிறது.

இதை ஏன் வற்புறுத்திச் சொல்கிறேன் என்றால், உரைநூல்களில் என்னைக் குத்திய ஓர் இடம் உண்டு. தம்மத்தைச் சொல் நிறைவோடு போதிக்க வேண்டும் என்பதை விளக்கும் தீக நிகாய உரை, எழுத்தொலிகள் முழுமையாக இல்லாத போதனைக்கு உவமையாகச் சில மொழிகளைச் சொல்கிறது: தமிழர், கிராதர், சவரர் முதலிய மிலேச்சரின் மொழி போல. தேரர் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகப் பார்த்தார். நான் விடவில்லை. படித்து முடித்ததும் இருவரும் கொஞ்சநேரம் பேசவில்லை.

அந்த உரைக்கு இது வெறும் இழிச்சொல் அல்ல என்பது அப்புறம் புரிந்தது. துறவியர் சங்கத்தின் செயல்களுக்குரிய வாசகத்தை ஓதும்போது, மூச்சு வேண்டிய எழுத்தில் மூச்சில்லாமல் சொன்னாலோ, வேண்டாத இடத்தில் சேர்த்தாலோ, வாய் திறந்து சொல்ல வேண்டியதை மூக்கொலியாக்கினாலோ, மூக்கொலியை வாய் திறந்து சொன்னாலோ அந்தச் செயலே செல்லாது என்று விநய உரை விதிக்கிறது. ஒருவர் துறவியாவதே செல்லாமல் போய்விடலாம். அதனால்தான் இளந்துறவிக்குச் சரணம் கொடுக்கும்போது 'புத்தங் ஸரணங் கச்சாமி' என்று மூக்கொலியில் ஒருமுறையும், 'புத்தம் ஸரணம் கச்சாமி' என்று இதழ் மூடி ஒருமுறையும் சொல்லவைக்கும் வழக்கம் இருக்கிறது. தமிழில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே பாளி வரி இரண்டாவது வகை. அப்படிப் பார்த்தால் ஒலியில் பிழை செய்யக்கூடிய மக்கள் என்று நம்மைக் கண்டு அந்த உரையாசிரியர் அஞ்சியதில் காரணம் இருந்தது. என் உள்ளங்கைக்கு அது தெரியும். ஆனால் மிலேச்சர் என்ற சொல்லுக்கு எந்தக் காரணமும் போதாது. அது இன்னும் வலிக்கிறது.

அதே உரை மரபில்தான் இன்னோர் இடமும் வருகிறது. குழந்தை எப்படி மொழி கற்கிறது என்று பேசும் இடம். பெற்றோர் குழந்தையைக் கட்டிலில் கிடத்தி அதனிடம் பேசிக்கொண்டே வேலை செய்கிறார்கள், அது கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொள்கிறது. தாய் தமிழச்சி, தந்தை ஆந்திரன் என்று வைத்துக்கொள்வோம். தாயின் பேச்சை முதலில் கேட்டால் குழந்தை தமிழ் பேசும், தந்தையின் பேச்சை முதலில் கேட்டால் ஆந்திர மொழி பேசும். யார் பேச்சையும் கேட்காவிட்டால் மாகதி பேசும். கடைசி வரி நம்பிக்கை சார்ந்தது, அதை விட்டுவிடுவோம். ஒன்றரை ஆயிரம் ஆண்டுக்கு முன் அனுராதபுரத்தில் உட்கார்ந்து எழுதுகிற ஒருவருக்கு, தொட்டில் பக்கத்தில் பேசும் ஒரு தாய் என்றதும் ஒரு தமிழ்ப் பெண் ஏன் நினைவுக்கு வந்தாள்?

புத்தகோசர் இலங்கைக்கு வருமுன் நம் பக்கத்தில் இருந்தவர். ஓர் உரையின் முடிவில், காஞ்சிபுரம் முதலிய இடங்களில் தன்னோடு வாழ்ந்த சோதிபாலர் கேட்டுக்கொண்டதால் எழுதினேன் என்கிறார். அவர் காலத்தவரான புத்ததத்தர் உறையூர்க்காரர். இருவரும் நடுக்கடலில் எதிரெதிர்க் கப்பல்களில் சந்தித்ததாக ஓர் அழகான கதை உண்டு. புத்ததத்தர் தன் விநய நூலை எழுதியது சோழநாட்டுப் பூதமங்கலத்தில். அப்போது ஆண்ட அரசன் களப்பிர குலத்து அச்சுத விக்கந்தன் என்று நூல் முடிவில் குறித்திருக்கிறார். களப்பிரர் காலம் இருண்ட காலம் என்று பாடப்புத்தகத்தில் படித்தேன். அந்த இருட்டில் காவிரிக் கரையில் ஒருவர் பாளியில் நூல் எழுதிக்கொண்டிருந்தார். பிக்குணிகளின் பாட்டுகளான தேரி காதைக்கும் பிக்குகளின் பாட்டுகளான தேர காதைக்கும் உரை எழுதிய தம்மபாலர் இந்தக் கடற்கரைக்காரர். பர்மாவில் அபிதம்மம் என்ற பௌத்தத் தத்துவப் பகுதியைப் படிக்கிறவர்கள் முதலில் கையில் எடுப்பது அனுருத்தர் எழுதிய சிறு நூலை. அந்தப் பெயருடைய ஆசிரியர் பரமத்த வினிச்சயம் என்ற நூலில் தான் காவேரி நகரத்தில் பிறந்ததாகச் சொல்கிறார். ரூபசித்தி என்ற பாளி இலக்கணத்தின் ஆசிரியர் புத்தப்பிரியர், தமிழ் மண்ணுக்கு விளக்காக ஒளி பெற்றவன் என்று தன்னைப் பற்றி எழுதிக்கொள்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்த குறிப்பு சோழநாட்டுக் கஸ்ஸபருடையது. கள் குடிப்பது பற்றிய ஒரு விநய வாதத்துக்கு நடுவில், முன்பு இந்தத் தமிழ்நாட்டில் மாறுபட்ட கொள்கையுள்ள நாகசேனர் என்ற தேரர் குண்டலகேசி கதையைத் தமிழ்க் காவியமாகச் செய்தார் என்று குற்றம் சொல்லும் தொனியில் எழுதுகிறார். நம் மரபு அந்தக் காவியத்தை நாதகுத்தனார் பெயரில் சொல்கிறது. காவியம் இன்று சில பாட்டுகளைத் தவிர இல்லை. ஆனால் குண்டலகேசியே சொன்னதாகப் பாளியில் தேரி காதையில் சில பாட்டுகள் இருக்கின்றன. தலைமயிர் பறித்து, அழுக்கேறி, ஒற்றையாடை உடுத்தி முன்பு திரிந்தேன் என்று தொடங்குகிறாள். பிறகு புத்தரைக் காண்கிறாள். அவர் 'ஏஹி பத்தே' என்கிறார். வா, பத்தா. அதுவே எனக்குத் துறவாயிற்று என்கிறாள். தமிழில் நாம் தொலைத்த பெண்ணின் குரல் அங்கே கேட்கிறது.

இதையெல்லாம் ஊரில் சொன்னால் நண்பர்கள் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். "மகாவம்சம் எழுதின மொழிதானே?" ஆமாம், அதே மொழிதான். தமிழ் அரசன் எல்லாளனைக் கொன்ற சிங்கள அரசன் துட்டகைமுனு, இத்தனை பேரைக் கொன்றேனே என்று கலங்கும்போது, விடுதலை பெற்ற பிக்குகளான அருகர்கள் வந்து நீ கொன்றது ஒன்றரை மனிதரைத்தான் என்று ஆறுதல் சொல்வதாக அதில் எழுதியிருக்கிறது. அந்த வரிகளை மூலத்தில் படித்த அன்று நான் பாடத்துக்குப் போகவில்லை. அடுத்த வாரம் போனபோது தேரர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தம்மபதத்தின் 5ஆம் பாட்டை எடுத்து, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துச் சொல்ல வைத்தார். "ந ஹி வேரேன வேரானி ஸம்மந்தீத குதாசனங், அவேரேன ச ஸம்மந்தி." பகையால் பகை இங்கே ஒருநாளும் தணிவதில்லை, பகையின்மையால் தணியும். வேர என்பது நம் வைரம் பாராட்டுவதில் உள்ள வைரம். அன்றைய பாடம் முழுவதும் அந்த ஒரு பாட்டுதான்.

மகாவம்சம் திரிபிடகம் அல்ல. அனுராதபுரத்தில் ஒரு துறவி தன் விகாரைக்காகவும் தன் அரச மரபுக்காகவும் எழுதிய வரலாறு. அந்த நூலின் மேல் உள்ள வருத்தத்தில் ஒரு மொழியையே அந்நியம் என்று ஒதுக்கினால், உறையூரையும் காஞ்சியையும் காவிரிப்பட்டினத்தையும் சேர்த்துத்தான் ஒதுக்குகிறோம். அயோத்திதாசர் 1898-ல் கொழும்புக்குப் போய்ப் பஞ்சசீலம் ஏற்றதும், அம்பேத்கர் 1956-ல் நாகபுரியில் லட்சக்கணக்கானவர்களோடு சரணம் சொன்னதும் இந்த மொழியில்தான். 2024 அக்டோபரில் பாளியைச் செம்மொழி என்று இந்திய அரசு அறிவித்தபோது நம் ஊரில் அதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. எனக்கு அன்று யாரையாவது கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போலிருந்தது. தேரர் அதற்குள் காலமாகிவிட்டிருந்தார்.

என் ஊர் நாகப்பட்டினம். கொழும்பிலிருந்து திரும்பிய பிறகுதான், 15ஆம் நூற்றாண்டில் பர்மாவின் பெகு அரசர் தம்மசேதி பாளியிலும் மோன் மொழியிலும் பொறிக்கச் செய்த கல்யாணிக் கல்வெட்டில் எங்கள் ஊர் வருவதைப் படித்தேன். கப்பல் உடைந்து கரையேறிய பர்மியத் தேரர்கள் நடந்தே நாகப்பட்டினம் வந்து, பதரிகாராமம் என்ற விகாரை இருந்த இடத்தைப் பார்த்து வணங்கினார்களாம். அவர்கள் வந்தபோதே அது 'இருந்த இடம்'தான். பிறகும் நெடுங்காலம் நின்ற புதுவெளிக் கோபுரம் என்ற பழைய புத்தக் கோபுரமும் 1867-ல் இடிக்கப்பட்டுவிட்டது.

போன மார்கழியில் ஒரு காலை, கடற்கரைக்கு நோட்டுப் புத்தகத்தை எடுத்துப்போனேன். தம்மபாலர் நெத்திப்பகரணம் என்ற நூலுக்கு எழுதிய உரையின் முடிவில், எங்கே இருந்து எழுதினேன் என்று இரண்டு வரி சொல்லியிருக்கிறார். தமிழ் எழுத்தில், பக்கத்தில் சின்னச் சின்ன எண் போட்டு, கொழும்பிலேயே எழுதிவைத்திருந்தேன். நல்லறம் வந்து இறங்கிய இடமான, நாகம் என்ற பெயர்கொண்ட பட்டினத்தில், தம்மாசோக மகாராச விகாரையில் வாழ்ந்த என்னால். மீன்பிடிப் படகுகள் கரைக்கு வந்துகொண்டிருந்தன. பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

"ஸத்தம்மாவதரட்டானே பட்டனே நாகஸவ்ஹயே" என்று உரக்கச் சொன்னேன். தம்ம என்ற இடத்தில் மூச்சு போதவில்லை. வலது கையை வாய்க்கு முன்னால் கொண்டுவந்து, மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.